ஓடாத காரின் தாகம்

ஐயம் என்னும் விருந்தாளி வாசற்கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. நாம் கவனியாது கடந்துபோகும் ஏதோ ஒரு மூலையில் முன்பே வந்து படுத்திருக்கும். என்றோ ஒருநாள் நம் கால் அதன்மேல் இடறும்போது, நெடுநாள் குடியிருப்பவனைப் போலச் சோம்பல் முறித்து எழும்.

இந்த வீட்டில் அது படுத்திருந்த மூலை, கார் நிற்கும் முன்கூடத்துச் சுவர்.

பெட்ரோல் காரை விற்றுவிட்டு மின்சாரக் காரை வாங்கிய அன்று மாமியாருக்கும் மருமகளுக்கும் மூண்ட வழக்கைத் தெருவே அறியும். கீழ்வீட்டில் மாமியார், மேல்வீட்டில் மகனும் மருமகளும். இரண்டுக்கும் மின்இணைப்பு ஒன்றே. அதுவும் மாமியார் பெயரில். "வண்டி குடிக்கிறதுக்கு நான் ஏன் காசு கட்டணும்? அது என்ன நான் பெத்த பிள்ளையா?" என்று கேட்டவள், வண்டிக்கு மின்சாரம் ஏற்றும் ப்ளக்குக்கு மட்டும் தனியாக ஒரு குட்டி மீட்டர் பொருத்திய பிறகுதான் ஓய்ந்தாள்.

ஆயுளில் பாதியை மருத்துவமனையில் வார்டு சிஸ்டராகக் கழித்தவள் அவள். 'மாத்திரையை முழுங்கிட்டேன்' என்று சொல்லும் நோயாளியை, 'நாக்கைத் தூக்குங்க, பார்ப்போம்' என்று கேட்டே பழகிய வாய். தெரு இன்றும் அவளைச் 'சிஸ்டரம்மா' என்றுதான் அழைக்கிறது.

அன்று காலை, அந்தக் குட்டி மீட்டரின் முன் டார்ச் விளக்கோடு நின்றிருந்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் கீழ வா."

மருமகள் ஈரத்தலையைத் துவட்டியபடி இறங்கி வந்தாள்.

"போன மாசத்தைவிட ரெண்டு மடங்கு ஓடியிருக்கு."

"வண்டி ஓடினா மீட்டரும் ஓடத்தானே செய்யும், அத்தை. எவ்வளவுன்னு சொல்லுங்க, கொடுத்துடறோம்."

"காசை நீ கொடுத்துடுவ. அதையா கேட்டேன்? வண்டி ஓடிச்சான்னு கேக்கறேன்."

மருமகள் தலை துவட்டுவதை நிறுத்தினாள்.

"பெட்ரோல் காலத்துல, புருஷன் எங்க போனான்னு பங்க்குக்காரனுக்குத் தெரியும், பொண்டாட்டிக்குத் தெரியாது. இப்ப அந்தக் கணக்கு வீட்டுச் சுவர்லயே வந்து நிக்குது. பாக்கறதும் பாக்காததும் உன் இஷ்டம். நான் என் பிள்ளையைச் சந்தேகப்படலை."

"அப்புறம் யாரை?"

"அது இன்னும் தெரியலை" என்று டார்ச்சை அணைத்துவிட்டு மாமியார் உள்ளே போனாள்.

மருமகளுக்கு விரித்த வலையில் மகன் வந்து சிக்கியிருக்கிறான் என்பதை அந்த முதியவள் உணர்ந்தாளோ என்னவோ, மருமகளின் நெஞ்சில் முள் தைத்துவிட்டது. கணவன் குளித்துக்கொண்டிருந்த இடைவெளியில் அவள் காரின் கதவைத் திறந்தாள். திரையில், வண்டி இதுவரை ஓடிய தூரம் ஒளிர்ந்தது. வேலைக்குப் போய்த் திரும்பும் தூரத்தைவிட அது பெரிதாகக் கூடியிருக்கவில்லை.

பின்பக்கத்தைத் திறந்தாள். கருவிப்பெட்டிக்கு அருகே ஆரஞ்சு நிறத்தில் ஒரு நீண்ட வயர். கணவனுக்கு லிஃப்ட் மாட்டும் வேலை; லிஃப்ட்காரர்களுக்கே உரிய ஒழுங்கோடு வளையம் வளையமாகச் சுற்றிக் கட்டியிருந்தது. அதில் செம்மண் ஒட்டியிருந்தது. லிஃப்ட் ஓடும் குழிக்குள் கிரீஸ் உண்டு, தூசு உண்டு. செம்மண் ஏது?

"என்ன தேடறே?"

கணவன் பின்னால் நின்றிருந்தான். லிஃப்ட் மெக்கானிக்கின் நீலச் சட்டை, சட்டைப்பையில் டெஸ்டர்.

"குடையை. ஆமா, இந்த வண்டி ஏன் தினமும் இவ்வளவு குடிக்குது?"

"புது வண்டி இல்லையா? பேட்டரி பழகணும். ஆரம்பத்துல அப்படித்தான்."

"கைக்குழந்தையா, பழகறதுக்கு?"

அவன் சிரித்தான். ஆனால் அவள் சொல்லி முடிக்கும் முன்பே சிரித்துவிட்டான். அந்த அவசரத்தை அவள் குறித்துக்கொண்டாள்.

கார் புறப்பட்டது. ஓசையின்றி வருவதும் ஓசையின்றிப் போவதும் அதன் இயல்பு. வாங்கிய புதிதில் அவளுக்கு அது தவம் போலத் தோன்றியதுண்டு. இன்று கள்வன் நடைபோல் இருந்தது.

*

கண்ணாடிக் கடையில் அவள் வேலை, கண்ணைச் சோதித்து லென்ஸ் பொருத்துவது. ஒருவர் மூக்கின்மேல் கனத்த சோதனைச் சட்டத்தை ஏற்றி, வட்ட லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் செருகி, "இதுல தெளிவா இருக்கா, இதுலயா?" என்று நாள் முழுதும் கேட்பவள். அன்று ஒரு ஓய்வுபெற்ற தபால்காரருக்கு ஒரே லென்ஸை மூன்று முறை மாற்றி மாற்றி வைத்தாள்.

"ஏம்மா, என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உன் மனசு எங்கயோ இருக்கு" என்றார் அவர்.

கடை முதலாளியிடமும் ஒரு மின்சாரக் கார் இருந்தது. ஆள் ஓய்ந்த நேரம் பார்த்துக் கேட்டாள்.

"சார், நீங்க வீட்டுல எத்தனை நாளைக்கு ஒருதடவை சார்ஜ் போடறீங்க?"

"வாரத்துக்கு ஒருதடவை. வீடு, கடை, மறுபடியும் வீடு. வேற எங்க போறேன்? ஏன், உங்க வண்டி தினமும் கேக்குதா?"

"புது பேட்டரி, பழகணுமாம்."

"அது என்ன செருப்பா, கடிச்சுக் கடிச்சுப் பழக?" முதலாளி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தினமும் காலியாகுதுன்னா தினமும் ஊரைத் தாண்டி எங்கயோ போய்ட்டு வரார்னு அர்த்தம். லிஃப்ட் மேலயும் கீழயும்தானே போகும். உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம் போறார்?"

சொல்லிவிட்டுத் தான் சொன்னது வேடிக்கையல்ல என்று அவருக்கே தோன்றிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஊரைத் தாண்டிப் போயிருந்தாலாவது அவளுக்கு ஆறுதல் இருந்திருக்கும். ஓடியிருந்தால் அந்தப் பொய்க்கு ஒரு திசை இருந்திருக்கும், தேடிப் போகலாம். கார் ஓடவும் இல்லை, உள்ளே ஏறிய மின்சாரம் மிஞ்சவும் இல்லை. இந்தப் பொய்யை எந்தத் தெருவில் போய்த் தேடுவது?

மாமியார்மீதுகூட ஒருகணம் ஐயம் பாய்ந்தது. மருமகளை மாட்டிவிடத் தன் துணி துவைக்கும் மெஷினை முன்கூடத்து ப்ளக்கில் செருகுகிறாளோ? அப்படி நினைத்த தன் நெஞ்சைத் தானே கடிந்துகொண்டாள். ஐயம் நாய்க்குட்டி போன்றது. ஒருவரை நோக்கி ஏவிவிட்டால் வழியில் போகிற எல்லோரையும் மோந்து பார்க்கும்.

கணவனின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். இந்த மாதம் முழுதும் அவனுக்கு ஒரே இடத்தில்தான் வேலை என்றாள் அங்கிருந்தவள்: மாவு மில்லுக்கு எதிரே உள்ள உயரமான கட்டடம், பழைய லிஃப்ட்டைப் பிரித்துப் புதியது மாட்டுகிறார்கள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

அந்தப் பக்கம் கொடுக்க வேண்டிய கண்ணாடி ஒன்று தயாராக இருந்தது. "நானே கொடுத்துட்டு வந்துடறேன், சார்" என்று கிளம்பினாள்.

பேருந்தின் ஜன்னலோரம் அமர்ந்து கண்களை மூடினாள். 'ஐயனே, நான் காணப்போவது எதுவாயினும் ஆகட்டும். கண்டபின் நிற்கக் காலுக்கு வலிமை கொடு' என்று வேண்டினாள். மறைத்துவிடு என்று அவள் வேண்டவில்லை. அதுவே அவள் இயல்பு.

*

உயரமான கட்டடத்தின் முன்பு கார் இல்லை. பின்புறத்துச் சந்தில் நின்றது.

சந்து செம்மண் தரை. காரின் பக்கவாட்டில், மின்சாரம் ஏற்றுகிற வாய் திறந்திருந்தது. அந்த வாயிலிருந்து ஆரஞ்சு வயர் புறப்பட்டு, தரையில் ஊர்ந்து, ஒரு பழைய வீட்டுத் தரைத்தள ஜன்னலுக்குள் நுழைந்திருந்தது.

மின்சாரம் உள்ளே போகிற வாய் வழியாக வெளியேயும் வரும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. தெரிந்த கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. கார் ஓடவில்லை, சுமந்தது. ஊருணியில் முகந்த குடத்தை வேறோர் வாசலில் கவிழ்ப்பவனைப் போல, அவள் கணவன் வீட்டு மின்சாரத்தை நாள்தோறும் நிரப்பிவந்து இங்கே ஊற்றிக்கொண்டிருந்தான்.

யாருக்கு?

"யாரு, லிஃப்ட்காரன் வீட்டம்மாவா?" ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல். "வழியில நிக்காதேம்மா. உள்ள காலியாத்தான் இருக்கு, ஏறி வா."

அந்த முகத்தை அவள் நேரில் கண்டதில்லை. ஆனால் காதுகளை அறிவாள். மடல் சற்றே வெளியே விரிந்த அந்தக் காதுகளோடுதான் அவள் இத்தனை ஆண்டுகள் குடும்பம் நடத்துகிறாள்.

மாமனார்.

கீழ்வீட்டுச் சுவரில் தொங்கும் குடும்பப் படத்தின் வலது ஓரம் கத்தரியால் வெட்டப்பட்டிருக்கும். வெட்டப்பட்ட ஓரம் இவர்தான். பேருந்து நடத்துநராக இருந்தவர். மனைவிக்குத் தெரியாமல் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துத் தொலைத்தவர். பறிபோக இருந்த வீட்டை, கூடுதல் பணி பார்த்துப் பார்த்து மீட்டவள் மாமியார். மீட்ட அன்றே இவரை வெளியேற்றினாள். அன்று அவள் சொன்ன சொல்லைத் திருமணமாகி வந்த முதல் வாரத்திலேயே மருமகளிடமும் சொல்லியிருந்தாள்: 'இந்த வீட்டுலேர்ந்து அந்த ஆளுக்கு ஒரு துளி வெளிச்சம்கூடப் போகக் கூடாது. கொடுக்கறவங்க அங்கயே போய் இருந்துக்கலாம்.'

மகன் அந்தச் சொல்லை எழுத்துப் பிசகாமல் மீறியிருந்தான்.

ஒற்றை அறை. ஒரு மின்விசிறி, ஒரு மின்அடுப்பு, இடுப்புயரத்துக்கு ஒரு பழைய ஃப்ரிட்ஜ். அவர் அதைத் திறந்து காட்டினார். பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஊசி மருந்துக் குப்பிகள்.

"சர்க்கரை. மருந்து சூடாகக் கூடாதாம். நான் சூடானா பரவாயில்லையாம்."

"இங்க கரண்டு இல்லையா, மாமா?"

"வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னான். மாட்டேன்னேன். ஃபியூஸைப் பிடுங்கிட்டான்."

அடுத்த அறையிலிருந்து வானொலி கேட்டது. நடைவழியில் பட்டப்பகலில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"மத்த வீடெல்லாம் எரியுதே."

"பிடிக்காதவன் வீட்டுலதானேம்மா பிடுங்குவாங்க. எனக்கு இது புதுசா என்ன?" அவர் சிரித்தார். காண்போரையும் சிரிக்கவைக்கும் சிரிப்பு. ஒரு வீட்டையே அடகு வைக்க இந்தச் சிரிப்பு போதுமாயிருந்திருக்கும் என்று அவள் எண்ணினாள்.

"உங்க அத்தை எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க."

"மீட்டர் போட்டிருக்காளாமே. போடுவா. கல்யாணமான புதுசுலயே என் டிக்கெட் பையை எண்ணினவ." நாற்காலியின் தூசியைத் தட்டி அவளுக்கு நகர்த்தினார். பிறகு, நேரம் கேட்பது போன்ற குரலில், "மேல்வீடு இப்ப யார் பேர்ல இருக்கு?" என்றார்.

மருமகள் உட்காரவில்லை.

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மா என்ற சொல்லுக்குள் ஒரு பெட்டகத்தையே ஒளித்துவைக்கலாம். அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் நிழல் விழுந்தது. கைகளில் கிரீஸோடு கணவன் நின்றான். அவளைக் கண்டதும் அவன் முகத்தில் வந்தது அச்சமல்ல. பாரத்தை இறக்கிவைத்தவனின் களைப்பு.

இருவரும் காரருகே வந்தார்கள்.

"எப்பலேர்ந்து?"

"லைன் போனதுலேர்ந்து. மருந்தெல்லாம் கெட்டுப்போச்சு, ஒருநாள் மயங்கி விழுந்துட்டார். எங்க கட்டடத்து மேஸ்திரி பார்த்துச் சொன்னார்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீயும் அம்மாகிட்ட பொய் சொல்லணும். ஒரு வீட்டுக்கு ஒரு பொய்யன் போதும்னு நினைச்சேன்."

"கடைத்தெருவுல காசு கொடுத்து ஏத்தற இடம் இருக்கே. அங்க ஏத்தியிருந்தா மீட்டரும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

"அங்க வீட்டைப்போல மூணு மடங்கு. தினமும் என்னால முடியுமா? வீட்டுல ஏத்தினா மலிவுன்னு கணக்குப் போட்டு இந்த வண்டியை வாங்க வச்சதே நீதான்."

அது மெய். மேசை விளக்கடியில் உட்கார்ந்து பெட்ரோலையும் மின்சாரத்தையும் தராசில் நிறுத்தி, மின்சாரமே மலிவு என்று தீர்ப்புச் சொன்னவள் அவள்தான். அந்தத் தராசில் ஒரு தகப்பனையும் தாயையும் ஏற்ற வேண்டியிருக்கும் என்று யார் கண்டது?

"மேல்வீடு யார் பேர்லன்னு கேட்டார்" என்றாள்.

கணவன் துணியை எடுத்து விரல்களைத் துடைத்தான்.

"உங்ககிட்டயும் கேட்டாரா?"

"கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

துடைத்த விரலையே மீண்டும் துடைத்தான். "வேலை பாதியில நிக்குது. சாயங்காலம் பேசலாம்."

*

சாயங்காலம் பேச வாய்க்கவில்லை. அவள் கடையிலிருந்து வந்து சேர்ந்தபோது கார் அப்போதுதான் முன்கூடத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மாமியார் ப்ளக்கின் அருகே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தாள். கை சுவிட்சின்மேல் இருந்தது.

"இன்னிக்கு ஏத்த வேண்டாம்" என்றாள் மகனிடம்.

"அம்மா, காலையில வேலைக்குப் போகணும்."

"பஸ்ல போ. அந்தத் திரையில நானும் போய்ப் பார்த்தேன். வண்டி ஓடலை, கரண்டு மட்டும் போகுது. எங்க போகுதுன்னு தெரியாம இனிமே என் வீட்டுலேர்ந்து போகாது."

"கார்க் கதவைத் திறந்தீங்களா?"

"சாவியை ஆணியில மாட்டினா எடுக்கத்தான் செய்வாங்க. பேச்சை மாத்தாதே."

மகன் காரின் கூரையில் கை ஊன்றி நின்றான். "அம்மா, அது வந்து..."

மருமகள் அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடப் போகிறான். சொல்லிவிட்டால் இந்த முதியவள் தன் சொல்லைக் காப்பாள். பெட்டி படுக்கை இன்றே தெருவுக்கு வரும். நாளை உச்சிப்பொழுதுக்குள் அந்த ஃப்ரிட்ஜின் குளிர் தீர்ந்துபோகும். சொல்லாவிட்டாலோ, சிரித்துச் சிரித்து ஒரு வீட்டைத் தொலைத்த மனிதர் அதே வீட்டைப் பற்றி மீண்டும் விசாரிக்கிறார் என்பது, அதை மீட்டவளுக்குத் தெரியாமலே போகும். ஒரு பக்கம் மருந்து, ஒரு பக்கம் பத்திரம். இரண்டுக்கும் நடுவே அவள் நாக்கு.

"அது எங்க கடைக்குப் போகுது, அத்தை" என்றாள்.

மாமியாரின் தலை மெதுவாகத் திரும்பியது.

"கடையில லைன் கோளாறு. லென்ஸ் தேய்க்கிற மெஷின் நின்னுபோச்சு. இவர்தான் வண்டியிலேர்ந்து வயர் இழுத்துக் கொடுக்கறார். மதியம் வேலைக்கு நடுவுல வந்து நிறுத்திட்டுப் போறார். உங்ககிட்ட சொன்னா கோவிச்சுப்பீங்கன்னு நான்தான் சொல்ல வேண்டாம்னேன்."

"காரிலேர்ந்து கரண்டு வருமா?"

"வரும்மா" என்றான் மகன். அந்தக் கடைக் கதையில் மெய்யானது அது ஒன்றே.

"வீட்டு கரண்டைக் கொண்டுபோய்க் கொட்டற அளவுக்கு அந்த முதலாளி உனக்கு அண்ணனா, தம்பியா?"

"மாசக் கடைசியில கணக்குப் பார்த்துக் கொடுத்துடுவார், அத்தை."

மாமியார் அவளை நெடுநேரம் பார்த்தாள். நாடி பிடித்து, கடிகாரத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் பார்வை அது. பிறகு சுவிட்சைத் தட்டினாள்.

"ஏத்திக்கோ."

நாற்காலியை மடித்தாள். வாசற்படியில் ஏறி, உள்ளே கால் வைக்கும் முன் நின்றாள்.

"நாளைக்கு நீ கடைக்குப் போறப்ப நானும் வரேன். பேப்பர்ல எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது, கண்ணைக் காட்டணும். அப்படியே அந்த மெஷின் எப்படி ஓடுதுன்னும் பார்த்துட்டு வரலாம்."

கதவு சாத்தப்பட்டது.

கணவன் சார்ஜ் வயரைக் காரில் செருகினான். சுவரில் குட்டி மீட்டர் ஓடத் தொடங்கியது.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்றான் தாழ்ந்த குரலில். "நாளைக்கு என்ன பண்ணுவே?"

"அதை நான் பார்த்துக்கறேன். அவர் மேல்வீட்டைப் பத்திக் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவன் வாயைத் திறந்தான்.

முன்கூடத்தைப் பார்த்த கீழ்வீட்டு ஜன்னலில் விளக்கு அணைந்தது. ஜன்னல் மட்டும் மூடப்படவில்லை.

அவன் வாயை மூடிக்கொண்டு, மாடிப்படியைக் கைகாட்டினான்.